வசந்த காலத்து ஸுகாம்

நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர் குவைத்தில் தோட்டப் பணி புரிந்து வருகிறார். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். வீட்டின் வறுமையால் ஓதலை இடையில் நிறுத்திக் கடல் கடந்தவர். சென்ற ஆண்டு அவர் நமக்கு எழுதிய மடலின் ஒரு பகுதி இது:

“ஹஜ்ரத், இங்கு வந்த முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து மரங்கள் பூக்கிற காலம் வந்துவிட்டால் விடியற்காலையிலேயே தும்மல் தொடங்கிவிடுகிறது. கண் அரிக்கிறது. மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது. ஏணிமேல் நின்று கிளை கழிக்கும்போது தும்மினால் பிடி நழுவுகிறது. போர்மேன் இதைத் தொற்று வியாதி என்று சொல்லி என்னை ஒதுக்கப் பார்க்கிறார். நம் பழைய கிதாபுகளில் இதைப்பற்றி ஏதும் உண்டா?”

உண்டு என்று உடனே பதில் எழுதினோம். ஆயினும் அந்தப் பதிலை விரித்தெழுத உட்கார்ந்தபோதுதான், அக்கிதாபுகளில் பேசப்படுவது யாருடைய மூக்கு என்னும் வினா நம்மைப் பற்றிக்கொண்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ அவர்களைப் பற்றி நம் வாசகர்கள் அறிவார்கள். பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேற்றுமையைப் பிரித்தெழுதிய மருத்துவ மேதை. அன்னார் மறைந்தது கி.பி. 925இல் என்பர். அவர்களது நூல்களின் நீண்ட பட்டியலை, கி.பி. 1270இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ அவர்கள் தமது ‘உயூனுல் அன்பா’ என்னும் மருத்துவர் வரலாற்றில் தந்துள்ளார்கள். பெருநூல்களுக்கிடையே அதில் ஒரு சிறு ரிஸாலாவின் பெயர் வருகிறது. வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூ ஸைத் அல்-பல்கீக்கு ஸுகாம் உண்டாவதன் காரணம் பற்றிய கட்டுரை என்பது அப்பெயரின் பொருள்.

பெயரே ஒரு நோய்க்குறிப்பாக அமைந்திருப்பதைக் காண்க. நோயாளி யார், எப்பருவத்தில், எப்பொருளால், என்ன நேர்கிறது என்னும் நான்கும் அதில் அடங்கிவிட்டன. எல்லாருக்கும் வராமல் ஒருவருக்கு மட்டும் வருகிறது. எப்போதும் வராமல் ஒரு பருவத்தில் மட்டும் வருகிறது. இவ்விரண்டையும் கண்டு, இதற்கெனத் தனிக் காரணம் இருத்தல் வேண்டும் என்று கருதி ஒரு ரிஸாலா எழுதியதுதான் அன்னாரின் பெருமை. இந்த ரிஸாலா 1975ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பெற்று மருத்துவ வரலாற்று ஏடு ஒன்றில் வெளியாயிற்று.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமையை அன்றே ராஸீ கண்டுபிடித்துவிட்டார் என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அது சரியன்று. தலையில் திரளும் ஈரக் கழிவு உருகி, மூக்கின் வழியே இறங்கினால் ஸுகாம் என்றும், தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இறங்கினால் நஸ்லா என்றும் அக்கால மருத்துவம் பிரித்துக் கூறிற்று. உருது பேசும் நம் அன்பர்கள் ‘நஸ்லா ஜுகாம்’ என்று இணைத்துச் சொல்வது அந்தப் பழம்பிரிவின் எச்சமே. பூந்தாது என்னும் நுண்பொருளைப் பற்றிய எண்ணம் அம்மருத்துவத்தில் இல்லை. இல்லாததை ஏற்றிச் சொல்லாமலே அன்னாரின் புகழ் நிலைக்கும்.

இனி அந்த நோயாளி. அபூ ஸைத் அல்-பல்கீ அவர்கள் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியான பல்கைச் சேர்ந்தவர்கள், கி.பி. 934இல் மறைந்தார்கள். தத்துவஞானி அல்-கிந்தீயின் மாணவர், நிலநூல் வல்லார், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருங்கே ஆய்ந்த ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலின் ஆசிரியர். அத்தகைய கல்விமான் தும்மியபோது அது ஏட்டில் ஏறிற்று. அதில் குறை கூற ஒன்றுமில்லை.

ஆனால் அதே அப்பாஸியக் காலத்தின் மற்றொரு கணக்கையும் நாம் படித்திருக்கிறோம். கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதின் கருவூலத்துக்கு மாநிலங்கள் செலுத்திய வரிப் பட்டியலை இப்னு கல்தூன் அவர்கள் தமது முகத்திமாவில் எடுத்துத் தருகிறார்கள். அதில் ஃபார்ஸ் மாநிலத்தின் பெயருக்கெதிரே திர்ஹம்களோடு பன்னீர் 30,000 குப்பி என்று காணப்படுகிறது. முப்பதாயிரம் குப்பி! நம் இல்லத் திருமணங்களில் பன்னீர்ச் செம்பை ஏந்தி நிற்கும் சிறுவன் தெளிக்கும் ஓரிரு துளிக்கே எத்தனை இதழ்கள் வெந்திருக்க வேண்டும்? அந்த இதழ்களைப் பறித்தவர்கள் யாவர்? ரோஜாவை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் மணத் தைலம் குறைந்துவிடும். ஆகவே விடியலில், முள்ளுக்கும் பனிக்கும் இடையே, முகத்துக்கு நேரே பூக்கள் விரிந்து நிற்க, அவர்கள் பறித்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அபூ ஸைதின் ஸுகாம் இருந்ததோ! குப்பிகளின் எண்ணிக்கை உண்டு. மூக்குகளின் கணக்கு இல்லை.

ஐரோப்பாவுக்கு வருவோம். இத்தாலியரான லெயோனார்தோ பொட்டால்லோ என்னும் மருத்துவர், ரோஜாவின் மணத்தால் தலைநோவும் தும்மலும் அடைவோரைத் தாம் கண்டதாக 1565இல் எழுதினார். அதன் பின்னும் இந்நோய் ஒரு வேடிக்கையாகவே கருதப்பட்டு வந்தது. 1819ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் இலண்டன் மருத்துவர் கழகத்தில் ஜான் பொஸ்டாக் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். நாற்பத்தாறு வயதினரான ஒருவர், எட்டு வயது முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கண்ணெரிச்சலும் தும்மலும் மூச்சுத் திணறலும் கொண்டு வாடுகிறார் என்றார். அந்த நோயாளி அவரேதான்! இரத்தம் வாங்குதல், பேதி மருந்து, அபின், பாதரசம், குளிர்நீர்க் குளியல் என்று பட்ட பாட்டையெல்லாம் பட்டியலிட்டார், பலன்தான் இல்லை. பின்னர் கெண்ட் மாவட்டத்து ராம்ஸ்கேட்டில், கடலை நோக்கிய குன்றின்மேல் வீடெடுத்துக் கோடைகளைக் கழித்தபோது ஓரளவு நலம் கண்டார். வெயிலின் வெப்பமே காரணம் என்பது அவரது துணிபு.

பொதுமக்களோ, அறுத்துக் காயவைத்த புல்லின் வாடையே காரணம் என்றனர். ‘உலர்புற் காய்ச்சல்’ என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. இதில் காய்ச்சலும் இல்லை. உலர்ந்த புல்லும் முதற் குற்றவாளி இல்லை. ஆங்கில நாட்டு உழவர் மாடுகளின் குளிர்கால உணவுக்காகப் புல்லைப் பூக்கும் பருவத்தில் அறுத்து உலர்த்துவர். அப்போது பறக்கும் பூந்தாதே துன்பம் தருவது. நம் ஊர் வைக்கோலோ நெல் அடித்த பின் எஞ்சும் தாள். எனவே ‘வைக்கோற் காய்ச்சல்’ என்று சிலர் மொழிபெயர்ப்பது பொருந்தாது. அரபு நாட்டு மருத்துவமனைகளில் இன்று வழங்கும் சொல் ‘ஹும்மல் கஷ்’. அதுவும் வைக்கோற் காய்ச்சல்தான், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்தது. வசந்த காலத்து ஸுகாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருவத்தைச் சுட்டிப் பெயர் வைத்திருந்த மொழி, பிழைபட்ட பெயரொன்றைக் கடன் வாங்கியது நமக்குச் சிறிது வருத்தம் தருகிறது.

பொஸ்டாக் 1828இல் மறுபடியும் எழுதினார். இம்முறை தம்மைப் போன்ற பிற நோயாளிகளையும் தேடிச் சேர்த்திருந்தார். அனைவரும் நடுத்தர வகுப்பினர் அல்லது உயர்குடியினர். ஏழைகளிடையே ஐயத்துக்கிடமற்ற ஒரு நோயாளியேனும் உண்டா என்று இலவச மருந்தகங்களில் விசாரித்தும் கிடைக்கவில்லை என்று அவர் பதிவு செய்தார். அன்று முதல் இது கனவான்களின் நோய் என்று பெயர் பெற்றது. இந்நோய் உடையவர் தம்மை மெல்லியல்பும் கல்வியும் வாய்ந்தவர் என்று எண்ணி உள்ளூர மகிழும் நிலையும் பின்னாளில் வந்தது!

பொஸ்டாக்கை நாம் பழிக்கவில்லை. அவர் விசாரிக்கவாவது செய்தார். ஆயின் விசாரித்த இடம் மருந்தகம். புல் அறுக்கும் பருவமே ஆங்கிலக் கூலியாளுக்கு வருமானம் உள்ள பருவம். மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு நாட்கூலியை இழந்து மருந்தகத் திண்ணையில் அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? வயலுக்குச் சென்று கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

உண்மைக் காரணத்தை வெளிக்கொணர்ந்தவர் மான்செஸ்டர் நகரத்து சார்லஸ் ஹாரிசன் பிளாக்லீ. அவரும் இந்நோயாளியே. 1859இல் சோதனையைத் தொடங்கி, 1873இல் நூலாக வெளியிட்டார். வெப்பம், வெளிச்சம், வாடை, தூசி என்று ஒவ்வொன்றாகத் தம் மூக்கிலேயே சோதித்துத் தள்ளிவிட்டு, புற்களின் பூந்தாதே காரணம் என்று நிறுவினார். தம் தோலைக் கீறி அதில் தாதை வைத்துத் தடிப்பு எழுவதைக் கண்டார். பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய தாதுக்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ணினார். அச்சில்லுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கு மேலும் பறக்கவிட்டு, அங்கும் தாது மிதப்பதை அறிந்தார். மூக்கொழுக்கோடு வயல் வரப்பில் நின்று பட்டம் விடும் நடுவயது மருத்துவரை எண்ணும்போது புன்முறுவல் வருகிறது. மதிப்பும் கூடவே வருகிறது.

அவரை உறுத்திய ஒரு கேள்வியும் உண்டு. பூந்தாதே காரணமானால், அதில் நாளெல்லாம் மூழ்கிக் கிடக்கும் உழவருக்கன்றோ முதலில் வர வேண்டும்? அவர்களிடம் ஏன் காணப்படவில்லை? இரண்டு விடைகளை அவர் முன்வைத்தார். கல்வியால் பண்படாத மனத்தாருக்கு இந்நோய்க்கான இயல்பு அமைவதில்லை என்பது ஒன்று. இடைவிடாது தாதில் பழகியதால் உடல் அதற்கு மரத்துப்போயிருக்கலாம் என்பது மற்றொன்று. முதல் விடை அக்கால வகுப்புச் செருக்கின் குரல். இரண்டாவதில் உண்மையின் ஒரு கூறு இருந்தது. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் லியோனார்ட் நூன் என்பவர் திமோத்திப் புல்லின் தாதுச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்கும் முறையை 1911இல் வெளியிட்டார். இன்றும் அந்த வழி கையாளப்படுகிறது. 1999இல் சுவிட்சர்லாந்தில் வெளியான ஆய்வு, பண்ணை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்நோய் குறைவு என்று காட்டிற்று. ஆகவே நாட்டுப்புறத்து உழைப்பாளிக்கு ஒரு கேடயம் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கேடயம் எல்லாருக்கும் இல்லை. இல்லாதவர்களை எவரும் கேட்கவில்லை.

ரோஜாவின் கதையும் பாதியில் நிற்கிறது. ரோஜாத் தாது கனமானது, ஒட்டும் தன்மையது. அதைச் சுமப்பது வண்டே அன்றிக் காற்றன்று. எனவே தொலைவில் இருப்போரை அது தீண்டுவதில்லை. ரோஜா பூக்கும் அதே நாட்களில் பறக்கும் புல்தாதே உண்மைக் காரணம் என்று பிற்கால மருத்துவர் பலர் முடிவு கட்டினர். 1886இல் பால்டிமோர் நகர மருத்துவர் மக்கென்சீ, ரோஜா என்றாலே தும்மும் பெண்மணி ஒருவரின் முன் செயற்கை ரோஜா ஒன்றைக் காட்டினார். அம்மையாருக்கு உடனே கண் சிவந்து மூக்கு ஒழுகிற்றாம்! அதன்பின் ரோஜாச் சளி என்பது பாதி மனமயக்கம் என்று நகைக்கவும் வழி பிறந்தது.

அப்படியானால் ராஸீ அவர்கள் ரோஜாவைச் சுட்டியது பிழையா? இதற்கு விடை தந்தவர்கள் துருக்கி நாட்டு இஸ்பார்ட்டா மாநிலத்தார். பல்கேரியாவின் ரோஜா வளர்ப்பை இஸ்மாயீல் எஃபெந்தி என்பார் 1888இல் அங்குக் கொண்டுவந்தார். 1892இல் முதல் தைலம் வடிக்கப்பட்டது. இன்று உலக ரோஜாத் தைலத்தின் பெரும்பங்கு அங்கிருந்தும் பல்கேரியாவிலிருந்துமே வருகிறது. ஒரு கிலோ தைலத்துக்கு ஏறத்தாழ 4 டன் பூ வேண்டும். அத்தனையும் கையால் பறிப்பது. துருக்கி மருத்துவர் சிலர் அந்த ரோஜாக் கிராமங்களுக்கே சென்று மக்களைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். பூவைப் பறிப்போரிலும் கையாளுவோரிலும் சிலருக்குப் பருவந்தோறும் தும்மலும் மூச்சிரைப்பும் இருந்தன. அவர்களது இரத்தத்தில் ரோஜாவுக்கே உரிய எதிர்ப்பொருளும் காணப்பட்டது. தொலைவில் நிற்பவனைத் தீண்டாத ரோஜா, முகத்தை அதனுள் புதைப்பவனைத் தீண்டுகிறது. முகரும்போது என்ற ராஸீ அவர்களின் சொல் வீண்சொல் அன்று. ஆனால் அந்தச் சொல் பறிப்பவர் வரை வந்து சேர ஆயிரம் ஆண்டுக்கு மேல் சென்றிருக்கிறது.

இப்போது குவைத்துக்கு வரலாம். பாலைவனத்தில் பூந்தாது ஏது என்று நாமும் முதலில் எண்ணினோம். சாலையோர நிழலுக்காக வளைகுடா நாடுகளில் நட்ட மரங்களுள் நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் இனமும் ஒன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இம்மரம் நம் நாட்டுக்கும் வந்தேறியே. குவைத் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நோயாளரின் உடல் பெரிதும் எதிர்வினை காட்டியது உமரி இனத்துப் பாலைச் செடிகள், அறுகம்புல், சீமைக் கருவேலம் ஆகியவற்றின் தாதுக்கே. புதிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தோருக்கு இரண்டு மூன்று பருவங்கள் தாதைச் சுவாசித்த பிறகே நோய் தோன்றுவதும் உண்டு. நம் மாணவர் முதலிரண்டு ஆண்டு நலமாக இருந்ததன் காரணம் அதுவாக இருக்கலாம்.

அவருக்கு என்ன சொல்வது? பொஸ்டாக்கைப் போல் கடலோரத்தில் வீடெடு என்று சொல்ல முடியாது. ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இரு என்பதுதான் இந்நோய்க்கு எங்கும் எழுதப்படும் முதல் அறிவுரை. திறந்த வெளியில் உழைத்துச் சம்பளம் அனுப்புபவருக்கு அது அறிவுரையே அன்று. நமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, வெளியில் நின்றபடியே செய்யக்கூடியவற்றை மட்டும் எழுதினோம்.

கிளை கழிக்குமுன் நீரைப் பீய்ச்சி நனைத்துவிட்டால் தாது அதிகம் எழும்பாது. காற்று வீசும் உலர்ந்த நாளில் கழிப்பு வேலையைத் தவிர்த்து மண் கிளறவோ நாற்று நடவோ கேட்டுப் பார்க்கலாம். பக்கங்கள் மூடிய கண்ணாடி அணிவதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் பெரிதும் உதவும். அந்நாட்டார் தலைத்துணியின் நுனியை முகத்தில் சுற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்! மூக்குத் துவாரத்தின் விளிம்பில் வாஸலின் சிறிது தடவுவது தாதை அங்கேயே பிடித்து நிறுத்தும். வேலை முடிந்ததும் தலை முதல் குளித்து உடை மாற்றாமல் படுக்கையில் விழக்கூடாது. தலைமயிரில் ஏறிய தாது தலையணையில் இறங்கி இரவெல்லாம் தும்ம வைக்கும். துவைத்த துணியை மரத்தடியில் உலர்த்துவதும் அதே கதைதான்.

மூக்கைக் கழுவுவது பற்றி அவரே கேட்டிருந்தார். உளூவில் மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துவது முகப்பில் படிந்த தூசியை ஓரளவு நீக்கும். மருத்துவர் கூறும் கழுவல் இன்னும் உள்ளே செல்வது. கொதித்து ஆறிய நீரில் உப்பிட்டுச் செய்ய வேண்டியது, குழாய் நீர் ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிப் பெருமை கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினோம்.

மருந்திலும் உழைப்பாளிக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. தும்மலை அடக்கும் மாத்திரைகளுக்கு வழிகோலிய தானியேல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வகையில் வந்த பழைய மாத்திரைகள் உறக்கம் தருபவை. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர் சற்றுக் கண்ணயரலாம். ஏணிமேல் அறுவாளோடு நிற்பவர் அயரக்கூடாது. அவ்வளவாக உறக்கம் தராத பிற்கால மாத்திரைகள் உண்டு. பருவம் தொடங்குமுன்பே அன்றாடம் மூக்கில் தெளிக்கும் மருந்தும் உண்டு. எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே கொள்க, மூச்சிரைப்பு கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், இது தொற்றுநோய் அன்று என்று அவரிடமே எழுதி வாங்கிப் போர்மேனிடம் காட்டுக என்றோம்.

இரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மருத்துவரின் சீட்டைப் பார்த்தபின் போர்மேன் மறுபேச்சுப் பேசவில்லையாம். நீர் பீய்ச்சிய பிறகே கழிப்பது என்ற ஏற்பாட்டுக்கும் இசைந்துவிட்டாராம். தும்மல் முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் ஏணியில் அச்சமின்றி நிற்க முடிகிறதாம். உடன் வேலை செய்யும் வங்காளதேசத்து முதியவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தமக்கும் பதினொரு ஆண்டாக இதேதான் என்றாராம். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கம் மூடிய கண்ணாடி ஒன்றை அவருக்கும் வாங்கிக் கொடுத்திருப்பதாக நம் மாணவர் எழுதியிருந்தார்.